களிமண் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது?

கேள்வி: ஐயா, நான் திருவொற்றியூரில் நான்கு கறவை மாடுகளும் ஒரு கிடேரியும் வைத்துப் பிழைக்கிறேன். காலையும் மாலையுமாக முப்பது லிட்டர் கறந்து தேரடிப் பக்கத்து வீடுகளுக்கு ஊற்றுகிறேன். ஒரு மாதத்துக்கு முன் ஒருவர் வந்து, "தெற்கே கல்பாக்கத்தில் அணு உலை, வடக்கே எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல். இரண்டிலிருந்தும் கதிர்வீச்சு உங்கள் பாலில் இறங்குகிறது" என்றார். கையிலிருந்த மீட்டரைப் பால் கேன் அருகே பிடித்தார். அது டிக் டிக்கென்று ஒலித்தது. அவர் விற்கும் களிமண் தூளை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுத்தால் எல்லாம் சாணத்தோடு போய்விடுமாம். ஐந்து கிலோ பை 450 ரூபாய். ஒரு பை தீர்ந்து இரண்டாவதைப் பிரித்திருக்கிறேன். வெளிநாட்டில் அணு உலை வெடித்தபோது கால்நடைகளுக்குக் களிமண் கொடுத்தது உண்மைதான் என்று கல்லூரியில் படிக்கும் என் மகளும் சொல்கிறாள். இதற்குள் பேச்சு தெருவில் பரவிவிட்டது. மருமகள் முழுகாமல் இருப்பதால் ஒரு வீட்டில் பாலையே நிறுத்திவிட்டார்கள். களிமண்ணைத் தொடர்ந்து கொடுக்கலாமா? கிடேரிக்கு இரண்டு வயது தாண்டியும் பருவத்துக்கு வரவில்லை. அதற்கும் இதைக் கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது உண்மை. அந்த வியாபாரியின் பேச்சிலும் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அந்தத் துளியால்தான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே அவரை வாசலோடு அனுப்பியிருப்பீர்கள்.

தூளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கதிர்வீச்சுக்குப் பயந்து உங்கள் பாலை யாரும் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஏன் என்பதை நான் விரிவாகவே எழுத வேண்டும். நாளைக்கு வேறொருவர் வேறொரு பையோடு வரும்போது நீங்களே கேள்வி கேட்க வேண்டும் அல்லவா?

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது பல பொருள்கள் காற்றில் பரவின. பாலைப் பொறுத்தவரை மூன்றின் பெயர் தெரிந்தால் போதும்: அயோடின்-131, சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90. மேகத்தோடு போய் மழையோடு இறங்கிப் புல்லில் படிந்தன. மாடு நாள் முழுக்க மேய்கிற உயிர். ஏக்கர் கணக்கில் பரவிக் கிடந்ததைத் தன் வயிற்றில் திரட்டிக்கொண்டு வந்து பாலில் கொடுத்துவிட்டது. அந்தப் பாலை முதல் வாரங்களில் குடித்த குழந்தைகளுக்குத்தான் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. விபத்து நடந்தபோது பதினெட்டு வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 2005க்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் கண்டறியப்பட்டது. அவற்றில் பெரும் பங்குக்குக் காரணம் அயோடின் கலந்த பால். பாலை உடனே நிறுத்தியிருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம். இதைப் படித்தபோது, பாலோடு வாழ்நாளைக் கழித்த எனக்குப் பல நாள் மனசு ஆறவில்லை. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்களின் பயத்தை நான் இலேசாக நினைக்கவில்லை.

களிமண் வருவது அதற்கடுத்த கட்டத்தில். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சீசியம்-137 பாதியாக முப்பது ஆண்டு ஆகும். உடம்புக்கு அது பொட்டாசியம் போலத் தெரியும். அதனால் தடையில்லாமல் உள்ளே போய்ச் சதையிலும் பாலிலும் கலந்துவிடும். ஒரு பசு நாளொன்றுக்கு உட்கொள்ளும் சீசியத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு ஒவ்வொரு லிட்டர் பாலிலும் வரும். பத்து லிட்டர் கறக்கும் மாடு என்றால், தின்றதில் இருபதில் ஒரு பங்கு உங்கள் கேனுக்கு வந்துவிடும். மற்றதில் பெரும்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் போகும்.

பெண்டோனைட் என்ற களிமண்ணை அப்பளக் கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே சோடியம், கால்சியம் போன்றவை உட்கார்ந்திருக்கும். சீசியம் வந்தால் அவற்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், பிறகு எளிதில் எழுந்திருக்காது. மாடு அசைபோடும்போது உமிழ்நீரோடு வயிற்றுக்குத் திரும்பி வரும் சீசியமும் இப்படியே மாட்டிக்கொள்ளும். கடைசியில் களிமண்ணோடு சேர்ந்து சாணத்தில் வெளியேறும். வியாபாரியிடம் இருந்த துளி உண்மை இதுதான். நார்வேயில் செர்னோபிலுக்குப் பிறகு ஆடுகளுக்கு இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தீவனச் சட்டத்திலும் இந்த வேலைக்கென்றே பெண்டோனைட்டுக்கு அனுமதி இருக்கிறது.

ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள்? ஒரு கறவை மாட்டின் பாலில் சீசியத்தைப் பாதியாகக் குறைக்க நாளொன்றுக்கு அரை கிலோ அளவில் பெண்டோனைட் தேவைப்படும். உங்களிடம் சொன்னது 50 கிராம், பத்தில் ஒரு பங்கு. அரை கிலோ வீதம் உங்கள் நான்கு மாடுகளுக்குக் கொடுத்தால் நாளைக்கு இரண்டு கிலோ, மாதத்துக்கு அறுபது கிலோ, பன்னிரண்டு பை, 5,400 ரூபாய். அவ்வளவு செலவழித்தும் சீசியம் பாதிதான் குறையும். "முழுவதும் போய்விடும்" என்று தீவனம் தெரிந்த எவரும் சொல்லமாட்டார்கள்.

பிற்பாடு களிமண்ணை விட நல்ல பொருளும் புழக்கத்துக்கு வந்தது. பிரஷ்யன் நீலம் என்று பெயர், இரும்பும் சயனைடும் இறுகப் பிணைந்த ஒரு நீல உப்பு. அதன் ஒரு வகையை மாட்டுக்கு நாளைக்கு மூன்று கிராம் கொடுத்தாலே பாலில் சீசியம் பத்தில் ஒன்பது பங்கு வரை குறைந்தது. பெலாரசில் மரத்தூளோடு கலந்து கொடுத்தார்கள். நார்வேயில் நக்குக் கட்டியாகவும், இரைப்பையில் தங்கிக் கரையும் பெரிய உருண்டையாகவும் கொடுத்தார்கள். நீலம் என்றதும் வேட்டிக்குப் போடும் சலவை நீலத்தை யாரும் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட வேண்டாம். இரண்டும் வேறு பொருள்.

இவை எல்லாம் சீசியத்துக்கு மட்டும். அயோடின் எதிர்மின்னூட்டத்தோடு திரிவது. களிமண் அடுக்குகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் அதைப் பிடிக்காது. ஸ்ட்ரான்சியம் உடம்புக்குக் கால்சியம் போலத் தெரியும். அதற்குத் தீவனத்தில் கால்சியத்தைக் கூட்டுவதுதான் வழி. செர்னோபிலில் குழந்தைகளுக்குக் கேடு செய்த அயோடினையே தொடாத ஒரு பொருளை, "கதிர்வீச்சு எல்லாம் போய்விடும்" என்று பெயர் சொல்லி விற்பது தவறு. அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரிடம்!

இனி நம் ஊருக்கு வருவோம். உங்கள் மாடுகளிடம் களிமண் பிடிக்கும்படியான சீசியம் இருக்கிறதா? கல்பாக்கம் சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது. உங்களுக்கு அதைவிடவும் தூரம். அங்கே அணுமின் நிலையத்தின் சுற்றுவட்டாரத்தை ஆராய்வதற்கென்றே ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. காற்று, நீர், மண் மட்டுமல்லாமல் பாலையும் எடுத்து அளக்கிறார்கள். 1950, 60களில் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டு சோதனைகளால் உலகத்து மண்ணில் எல்லாம் சீசியத்தின் சிறு சுவடு இருக்கிறது, நம் மண்ணிலும்தான். அதற்காகத் தீவனத்தில் மருந்து கலக்கும் நிலை எதுவும் இங்கே இல்லை.

எண்ணூர்ச் சாம்பல் வேறு கதை. நிலக்கரியில் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு, எரித்தபின் அவை சாம்பலில் தங்கும். அதில் செர்னோபில் சீசியம் கிடையாது. சாம்பலுக்காகச் சீசியம் பிடிக்கும் மண்ணைக் கொடுப்பது, காய்ச்சலுக்குக் கண் மருந்து போடுவது போல. சாம்பலில் எனக்குப் பயம் ஈயமும் ஆர்செனிக்கும். செப்பாக்கம் சாம்பல் குளத்துப் பக்கமோ கொசஸ்தலையாற்றுக் கரையிலோ மாட்டை மேய விடாதீர்கள். காற்றடிக்கும் நாளில் தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். வெளியில் அறுத்த புல்லை ஒரு தடவை அலசிப் போடுங்கள். பழைய பேட்டரி உடைக்கும் கடைகளின் பக்கம் மாடு போகவே கூடாது. ஈயத் தகட்டின் உப்புக்கரிப்புக்காக மாடு அதை நக்கும், நக்கியது பாலிலும் வரும். நம் பகுதியில் எத்தனை காயலான் கடைகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மீட்டர் ஒலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கே வைத்தாலும் ஒலிக்கும். தியாகராஜர் கோயில் கருங்கல் தூணருகே பிடித்திருந்தாலும் ஒலித்திருக்கும். பூமியிலும் வானிலும் இருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு அது. பாலிலேயே இயற்கையான பொட்டாசியம்-40 இருக்கிறது. ஒரு லிட்டர் பாலில் அதனால் சுமார் 45 பெக்கரல், அதாவது நொடிக்கு 45 அணுக்கள் சிதையும். மனிதன் மாட்டைப் பழக்கிய நாள் முதல் அப்படித்தான். 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்த அணு உலை விபத்துக்குப் பிறகு 2012 ஏப்ரலில் ஜப்பான் பாலுக்கு விதித்த சீசிய வரம்பு கிலோவுக்கு 50 பெக்கரல். இத்தனை சிறிய அளவைக் கையடக்க மீட்டரைக் கேன் மேல் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. பாலை ஈயக் கவசத்துக்குள் வைத்து, எந்தப் பொருளின் கதிர் என்று பிரித்தறியும் கருவியில் நேரம் எடுத்து எண்ண வேண்டும். வியாபாரி மறுபடி வந்தால், அந்த மீட்டரை அவருடைய களிமண் பை மேலேயே பிடிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் டிக் டிக் கேட்கும். களிமண்ணிலும் பொட்டாசியமும் தோரியமும் உண்டு.

நான் இன்னும் கவலைப்படுவது, அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாததைப் பற்றி. தயாரித்தவர் பெயர், உரிமம், சோதனை முடிவு எதையும் நீங்கள் எழுதவில்லை, இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். பூமியிலிருந்து தோண்டியது என்பதாலேயே களிமண் சுத்தமாகிவிடாது. 1997இல் அமெரிக்காவில் கோழித் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் கலந்த ஒரு களிமண்ணில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருந்தது. 2004இல் நெதர்லாந்தில் உருளைக்கிழங்கைத் தரம் பிரிக்கப் பயன்படுத்திய களிமண்ணிலும் அதே நச்சு. கிழங்குத் தோலை மாடுகளுக்குப் போட்டார்கள், டையாக்சின் பாலில் வந்து நின்றது. கேட்டால் நம்ப முடியாது: பாலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பொருளே பாலைக் கெடுக்கலாம். தவிர, களிமண் அதிகமானால் தாது உப்புகள் சிலவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், தீவனம் எடுப்பதும் குறையும்.

பூஞ்சை நச்சைப் பற்றி உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். உங்கள் பாலில் உண்மையிலேயே இறங்கக்கூடியது அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தேன். கடலைப் புண்ணாக்கு மூட்டைகள் ஈரத் தரையில் கிடந்தன. ஒன்றைப் பிரித்தால் உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். வீட்டுக்காரர் அதை உதறிவிட்டுத் தொட்டியில் கரைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. மாட்டைப் பிள்ளை போல வளர்த்தவர். 'மேலே இருப்பதைத் தட்டிவிட்டால் போதும்' என்றுதான் நினைத்தார். அஃப்லாடாக்சின் என்ற அந்த நச்சு தட்டினாலும் போகாது, ஊறவைத்தாலும் போகாது. மாட்டின் ஈரலில் சற்று உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் அழியாது. ஈரலுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு ஆறில் அது வரம்பை மீறியிருந்தது. அப்படி மீறிய மாதிரிகள் அதிகம் இருந்தவை நம் தமிழ்நாட்டில். பாலுக்கு நம் நாட்டில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

அந்த நச்சைப் பிடிப்பதற்கும் இதே பெண்டோனைட் பயன்படுகிறது, இங்கே களிமண் உண்மையாகவே உதவும். ஐரோப்பாவில் கறவை மாடுகளுக்கு அந்த நோக்கத்துக்காகவும் அனுமதித்திருக்கிறார்கள், மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 20 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு. ஆனால் சோதித்துத் தரம் உறுதி செய்த பொருளாக இருக்க வேண்டும், அதுவும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில். அதற்கும் முன்பாக மூட்டையைத் தரையிலிருந்து தூக்குங்கள். கட்டையடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாள் தேவைக்கு மேல் புண்ணாக்கு வாங்கி வைக்காதீர்கள். கட்டி தட்டியதை, பூசண நாற்றம் அடிப்பதை எந்த மாட்டுக்கும் போடாதீர்கள். கலப்புத் தீவனம் வாங்கினால் ஐ.எஸ். 2052 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிலோவில் இந்த நச்சு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அந்தத் தரத்தில் அடங்கும். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். எப்படி எடுத்து அனுப்புவது என்று மாதவரத்திலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் கேட்டால் சொல்வார்கள். கெட்ட தீவனத்தை நிறுத்திய நான்கைந்து நாளில் பால் தெளிந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும் வேலை மாடு வளர்ப்பில் வேறு இல்லை.

எங்கேனும் உண்மையிலேயே அணு விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். அப்போதும் முதல் வேலை களிமண் அல்ல. மாட்டைக் கூரைக்குள் கட்ட வேண்டும். தண்ணீரையும் வைக்கோலையும் மூட வேண்டும். விபத்துக்கு முன் அறுத்து உள்ளே வைத்த தீவனத்தை மட்டும் போட வேண்டும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்த பாலைச் சேகரித்துக் கொட்டினார்கள். 2011இல் ஜப்பானில், விபத்துச் சமயத்தில் வயலில் வெட்டவெளியில் கிடந்த வைக்கோலை வாங்கித் தூர ஊர்களில் மாட்டுக்குப் போட்டதால் இறைச்சியில் சீசியம் வந்தது. பொன்னேரியிலிருந்து வைக்கோல் லாரி வாங்குகிற நமக்கு அந்தச் செய்தி நன்றாகவே புரியும். சுத்தமான தீவனத்துக்கு மாற்றினால் பாலில் சீசியம் ஓரிரு வாரத்திலேயே பெருமளவு இறங்கிவிடும். சுத்தமான தீவனம் கிடைக்காத இடத்தில், மாதக்கணக்கில் அதே நிலத்துப் புல்லையே நம்பியிருப்பவர்களுக்குத்தான் களிமண்ணும் நீல உப்பும். அங்கேயும் அரசு அளந்து, அறிவித்து, கொடுத்தது. வாசலில் மிதிவண்டியில் வந்து விற்றதல்ல. களிமண் பிடித்த சீசியம் மறைந்தும் போகாது, சாணத்தில் இருக்கும். அந்தச் சாணத்தை வறட்டி தட்டி அடுப்பெரிக்கவும் கூடாது.

பாலை நிறுத்திய வீட்டுக்கு நீங்களே ஒரு முறை போய் வாருங்கள். மகளையும் அழைத்துப் போங்கள். களிமண் கொடுத்ததை மறைக்காதீர்கள். ஏமாந்து வாங்கியதையும் நிறுத்தியதையும் சொல்லுங்கள். பெயர் தெரியாத தூள் என்பதால் நிறுத்தியதிலிருந்து ஒரு வாரம் பொறுத்து அந்த வீட்டுக்கு மறுபடி ஊற்றுவதாகச் சொன்னால் உங்கள் மேல் நம்பிக்கை கூடும். அந்தப் பெண்ணைப் பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சுவது கிருமிகளுக்காக. கர்ப்பிணிக்குப் பச்சைப் பால் ஆகாது. கொட்டகைக்கு வந்து புண்ணாக்கு மூட்டையைப் பார்க்கவும் அவர்களைக் கூப்பிடுங்கள்.

கிடேரி விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதுக்குள் பருவத்துக்கு வர வேண்டும். இரண்டு வயது தாண்டியும் வரவில்லை என்றால், பெரும்பாலும் தாது உப்புக் குறைவு, குடற்புழு, எடைக் குறைவு இவற்றில் ஒன்று. நகரத்துத் தொழுவங்களில் தவிடும் வைக்கோலும் கழனித் தண்ணீருமாக வளரும் கிடேரிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். களிமண்ணைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், இருக்கும் கொஞ்சம் தாதுவையும் அது பிடித்துக்கொள்ளும். அடுத்த பைக்கு வைத்திருந்த 450 ரூபாய்க்குத் தாது உப்புக் கலவை வாங்குங்கள். கறவை மாடுகளுக்கு நாளைக்கு 50 கிராம், கிடேரிக்கு 30 கிராம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கிடேரியைக் காலையிலேயே ஓட்டிப் போய்ச் சினைப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் சாணத்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் போனால் புழு முட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். பிரித்த களிமண் பையையும் கூடவே எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.